ராயபுரம் ரயிலடி

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் புறப்பட்டது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் அடுத்தபடியாக இந்தியாவில் ரயில் ஓடிய மூன்றாவது நகரம் மதராஸ். பம்பாயில் 1853-இல் முதல் வண்டி கிளம்பிய போரிபந்தர் நிலையம் இப்போது இல்லை. அது நின்ற பகுதியில் விக்டோரியா டெர்மினஸ் எழுந்துவிட்டது. ராயபுரத்துக் கட்டடம் மட்டும் பிழைத்திருக்கிறது. நாட்டில் எஞ்சியிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையதாக அது கருதப்படுகிறது.

கட்டடத்தின் வயதுக்கு இணையான இன்னொரு பெருமையும் இந்த இடத்துக்கு உண்டு. சீட்டு வாங்குவது, மணி பார்த்து வருவது, முன்பின் அறியாதவரோடு ஒரே பலகையில் உட்கார்ந்து போவது ஆகியவற்றைத் தமிழ்நாட்டு மக்கள் முதலில் பழகிக்கொண்ட இடம் இது. பயணிகள் கூடியதால் இந்த ரயிலடி வளர்ந்தது. அவர்கள் வேறு நிலையங்களுக்குப் போனதும் அடங்கியது.

ரயிலுக்கு முந்தைய வழிகள்

ரயில் வருவதற்கு முன்பு மதராஸிலிருந்து மேற்கே போக விரும்பியவர் பூந்தமல்லிச் சாலையில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனார். வசதி படைத்தவர்கள் பல்லக்கில் சென்றார்கள், ஏழைகள் நடந்தார்கள். பகலில் வெயில் ஏறும் முன்பும் மாலையிலும் நடந்து, இரவில் சத்திரத்தில் தங்கி, கட்டுச்சோறு தீர்ந்ததும் அங்கேயே உலை வைத்துப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் கிளம்புவார்கள். வாலாஜாபேட்டைக்குப் போய்ச் சேர மூன்று நான்கு நாள் ஆகும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

வடக்கே போகிறவர்களுக்கு நீர்வழியும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற வணிகர் மதராஸுக்கும் எண்ணூருக்கும் இடையே கால்வாய் வெட்டினார். பின்னாளில் தெற்கிலும் வடக்கிலும் நீண்டு, 1878-இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழியின் முதல் பகுதி அதுதான். விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் அதில் போயின. எண்ணூர்க் கழிமுகத்துக்குக் காற்று வாங்கப் போன ஐரோப்பியர்களும் அதில் போனார்கள்.

தண்டவாளமும் வடசென்னைப் பக்கத்துக்கு அதற்குமுன் அறிமுகமாகியிருந்தது. 1837-இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடுவதற்கான கல் கொண்டுவர ஒரு பாதை அமைக்கப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்த பொறியாளர், பின்னர் கோதாவரி அணையால் புகழ்பெற்ற ஆர்தர் காட்டன். இந்தியாவில் முதலில் போடப்பட்ட தண்டவாளப் பாதை இதுவே. ஆனால் அது கல் சுமக்க அமைந்தது. ஆள் ஏறிப் போகும் பாதைக்கு மதராஸ் மேலும் பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தது.

ராயபுரம் ஏன்

மதராஸ் ரயில்வே கம்பெனி லண்டனில் அமைந்தது. அது போட்ட முதலுக்குக் குறிப்பிட்ட வட்டி கிடைக்கும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி உறுதி கொடுத்தது. நட்டம் வந்தால் அதை இந்திய வருவாயிலிருந்து ஈடுகட்டும் ஏற்பாடு அது. 1853-இல் பாதை வேலை தொடங்கியது. தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி 6 அங்குல அகலம் வைத்தார்கள். இன்றும் நாடு முழுவதும் அகலப்பாதை என்று சொல்லப்படுவது அந்த அளவுதான்.

முதல் நிலையத்துக்கு ராயபுரத்தைத் தேர்ந்ததற்கு அந்த ஊரின் அமைப்பே காரணம். ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே கறுப்பர் நகரம் இருந்தது. செட்டிகளும் முதலிகளும் குஜராத்திகளும் ஆர்மீனியர்களும் கடை வைத்திருந்த வணிகப் பேட்டை அது. பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. அதன் வட மதிலுக்கு வெளியே, கடலை ஒட்டி வெற்று நிலம் கிடந்தது. சரக்கை அனுப்புகிற வணிகருக்கும், வாங்கி ஏற்றுகிற கப்பலுக்கும் நடுவே நிலையம் அமைய வேண்டுமென்றால் அந்த நிலமே தோது.

அந்த நிலத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் கடலோடிகள். மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிடும். அலையை வெட்டிப்போய் ஆளையும் மூட்டையையும் கரை சேர்ப்பது மசூலாப் படகுகளின் வேலை. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யும் படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. அந்தத் தொழிலில் இருந்த கிறிஸ்தவப் படகோட்டிகள் ராயப்பருக்குக் கோயில் எடுத்தார்கள். ராயப்பர் என்பது புனித பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர். ஊர்ப்பெயரும் அதிலிருந்தே வந்தது. மீனவரான பேதுருவின் பெயரைத் தாங்கிய குப்பத்தின் பக்கத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயிலடி எழுந்தது.

1856: முதல் வண்டி

நிலையக் கட்டடத்தை வடிவமைத்தவர் வில்லியம் அடெல்பி ட்ரேசி. ஐரோப்பியச் செவ்வியல் பாணியில் முகப்பில் நெடுந்தூண்களை வரிசையாக நிறுத்தி, உள்ளே உயரமான கூடங்களை அவர் அமைத்தார். 1856 ஜூன் 28 அன்று மதராஸ் ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்தார். மூன்று நாள் கழித்து, ஜூலை 1 அன்று, வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர்ப் பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது. பெட்டிகளை மதராஸிலேயே சிம்ப்சன் கம்பெனி செய்து கொடுத்தது. குதிரை வண்டிகள் செய்துவந்த அந்த நிறுவனத்துக்கு ரயில் பெட்டி புதிய வேலை.

தொடக்க விழா வண்டிகள் இரண்டு. ஒன்றில் ஆளுநரும் ஏறத்தாழ 300 ஐரோப்பியர்களும் பாதையின் மேற்கு முனைவரை போய் விருந்துண்டு திரும்பினார்கள். மற்றொன்று இந்தியர்களை ஏற்றிக்கொண்டு திருவள்ளூர்வரை போய்வந்தது. யார் எவரோடு உட்காருவது, எவர் எவ்வளவு தூரம் போவது என்ற பிரிவு முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

இந்தியர்கள் ரயிலில் ஏறுவார்களா என்ற ஐயம் கம்பெனிக்காரர்களில் பலருக்கு இருந்தது. சாதி விலக்குள்ளவர்கள் அந்நியரோடு ஒட்டி உட்கார மாட்டார்கள், நடந்தே பழகியவர்கள் காசு கொடுத்து ஏற மாட்டார்கள் என்று கருதினார்கள். நடந்தது நேர்மாறு. மூன்றாம் வகுப்பில் கூட்டம் நெரிந்தது. பயணிகள் மூலம் வந்த வருவாயில் பெரும்பங்கை இந்திய ரயில்வேக்களுக்கு ஈட்டித் தந்தவர்கள் அந்த வகுப்பில் போனவர்களே. மூன்று நாள் வழியை அரை நாளுக்குள் கடக்க முடியும் என்றால் சத்திரச் செலவும் கட்டுச்சோறும் மிச்சம். இழந்துபோகும் கூலியும் மிச்சம். ஏழைக்கு ரயில் கட்டுப்படியானதற்கு அந்தக் கணக்கே காரணம்.

பயணி ஆகப் பழகியது

ரயிலடியில் முதலில் மாறியது நேரம். ஊரில் பொழுதை நாழிகையால் அளந்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, கோட்டையின் பீரங்கி ஆகியவை நாளைப் பகுத்தன. அரை நாழிகை முன்னே பின்னே ஆனால் மாட்டு வண்டி காத்திருக்கும், ரயில் காத்திருக்காது. ஆகவே விடியற்கால வண்டிக்கு முந்தின இரவே வந்து, மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. இன்றும் சென்ட்ரல், எழும்பூர் நிலையங்களில் அந்தக் காட்சி மாறவில்லை.

ரயில் கடிகாரம் காட்டிய நேரம் மதராஸுக்குச் சொந்தமானது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் 1802-இல் மதராஸ் நேரத்தைக் கணித்தார். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்திய நேரம் அது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவே அமைந்ததால், இரு ஊர்களையும் இணைத்த ரயில்வேக்கள் பின்னாளில் மதராஸ் நேரத்தையே பொதுவாகக் கொண்டன. பம்பாய்வாசி தன் ஊர்க் கடிகாரத்தில் ஒரு நேரத்தையும், ரயிலடியில் மதராஸ் நேரத்தையும் பார்த்து வாழ்ந்த காலம் அது. 1906 தொடக்கத்தில் இந்தியப் பொது நேரம் வந்தபோது மதராஸ் மக்கள் தங்கள் கடிகாரங்களை ஏறத்தாழ 9 நிமிடம் முன்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்தது சீட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கெட்டியான அந்தச் சின்ன அட்டைத் துண்டு அருமையான பொருளாயிற்று. அதை வேட்டி மடிப்பிலோ சேலை முந்தானை முடிச்சிலோ பத்திரப்படுத்தினார்கள். சரியான மீதி வாங்கவும், ஊர்ப்பெயரைச் சொல்லிச் சரிபார்க்கவும் படித்தவரின் உதவி வேண்டியிருந்தது. சீட்டு கொடுக்கும் ஜன்னல் வண்டி வரும் நேரத்தில்தான் திறக்கும். அப்போது ஏற்படும் நெரிசலே ரயிலடியின் முதல் தொல்லை.

வகுப்புகள் வெளியிலேயே தெரிந்தன. முதல் வகுப்பினருக்கு மெத்தை இருக்கையும் தனிக் காத்திருப்பு அறையும் கிடைத்தன. மூன்றாம் வகுப்புக்கு மரப்பலகைதான். கீழ் வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வெகு காலம் இல்லை. வண்டி நிற்கும் இடத்தில் இறங்கி ஓடி, விசில் ஊதுவதற்குள் திரும்ப வேண்டும். பெண்களுக்குத் தனிப்பெட்டி வந்ததும், கோஷா முறையில் இருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்களும் ரயில் ஏறத் தொடங்கினார்கள்.

சாதி ரயிலடியில் மறைந்துவிடவில்லை. வேறு இடத்தில் ஒதுங்கியது. பலகையில் யார் பக்கத்தில் யார் என்று கேட்க வழியில்லாதபோது, தண்ணீரிலும் சோற்றிலும் பிரிவினை வந்தது. நிலையங்களில் தண்ணீர் ஊற்ற ஆளைத் தனித்தனியே நியமித்தார்கள். சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் வைத்தார்கள். பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் விடாமல் எதிர்த்ததன் பிறகே, 1941-இல் தென்னிந்திய ரயில் நிலையங்களின் உணவுச் சாலைகளில் அந்தப் பாகுபாடு நீங்கியது. பெட்டிக்குள் நெருக்கத்தால் தானாக நடந்த சமத்துவம், சாப்பாட்டு மேசைக்கு வர 85 ஆண்டுகள் ஆயின.

பாதை நீண்டது

வாலாஜா ரோடோடு நின்ற பாதை விரைவாக மேற்கே நீண்டது. 1857-இல் குடியாத்தத்தை எட்டியது. 1862-இல் மேற்குக் கரையில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள பேப்பூர்வரை போயிற்று. வங்கக் கடற்கரையில் ஏறியவர் அரபிக்கடல் கரையில் இறங்கலாம் என்றானது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்குக் கிளை பிரிந்தது. 1871-இல் அரக்கோணம், கடப்பை வழியாகச் சென்ற வடமேற்குப் பாதை ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை வந்தபோது, கோடைக்கு ஊட்டிக்குப் போகும் அரசு அதிகாரிகளும் அவர்களுடைய கோப்பு மூட்டைகளும் ரயிலில் ஏறின.

ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு விதமான பயணியை ரயிலடிக்குக் கொண்டுவந்தது. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865-இல் சிறு பாதை போடப்பட்டதும் கருட சேவைக்குப் போகிறவர்கள் ரயிலை நாடினார்கள். திருப்பதிக்குப் போகிற அடியார்கள் மஞ்சள் துணி முடிந்து, மொட்டையடிக்கும் குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மதராஸ் வணிகர்கள் சரக்கைப் பார்க்க உள்நாட்டுக்குப் போனார்கள். மேற்கு மலைகளின் காப்பியும் உள்நாட்டுத் தோலும் பருத்தியும் கப்பலேற மதராஸுக்கு வந்தன.

கப்பல் பயணியும் ரயில் பயணியும் ராயபுரத்துப் பக்கம் சந்தித்துக்கொண்டார்கள். 1861-இல் மதராஸ் கரையிலிருந்து கடலுக்குள் 1,100 அடி நீளத்தில் ஓர் இரும்புப் பாலம் கட்டப்பட்டதால், சரக்குக்கு மசூலாப் படகை மட்டுமே நம்பும் நிலை சற்றே குறைந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ 1860 அக்டோபரில் மதராஸிலிருந்துதான் புறப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டில் வட ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களிலிருந்து ஏராளமானோர் அப்படிக் கடல் கடந்தார்கள். அந்த உள்நாட்டு ஊர்களை மதராஸ் கரையோடு இணைத்த ரயில் பாதை ராயபுரத்தில் வந்து முடிந்தது. ஊர் திரும்புவோமா என்று தெரியாமல் புறப்பட்டவர்களின் வழியாகவும் அது அமைந்தது.

1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைத் தாக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ரயிலின் இரு முகங்களும் வெளிப்பட்டன. வங்கத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசி மூட்டைகள் மதராஸ் கடற்கரையில் மலைபோல் குவிந்து, ரயிலேறி உள்நாட்டுக்குப் போயின. பாதை இருந்ததால்தான் அவ்வளவு தானியம் போக முடிந்தது. அதே பாதை, பஞ்சம் முற்றுவதற்கு முன்பு உள்நாட்டுத் தானியத்தை விலை கூடிய இடத்துக்கு இழுத்துக்கொண்டும் போயிருந்தது. வாங்கக் காசில்லாதவர்களுக்கு மூட்டை வந்து இறங்கியும் பயனில்லை. அவர்கள் கஞ்சிக்காக மதராஸை நோக்கி நடந்தார்கள். ரயிலடிக்குச் சற்று மேற்கே, 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது தோன்றிய மணியக்காரர் சத்திரம் இருந்தது. கஞ்சித் தொட்டி என்று மக்கள் சொன்ன அந்தச் சத்திரத்தின் மருத்துவமனையே வளர்ந்து இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை ஆகியுள்ளது.

ரயில்வே ஊர்

நிலையத்தோடு ராயபுரமும் மாறியது. மதராஸ் ரயில்வேயின் தலைமை அலுவலகம் இங்கே இருந்ததால் எழுத்தர்கள், கணக்கர்கள், கார்டுகள், டிரைவர்கள் ஆகியோர் சுற்றுவட்டாரத்தில் குடியேறினார்கள். ரயில் வேலையில் பெருமளவில் சேர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் அவர்களில் உண்டு. பெட்டிகளும் இஞ்சின்களும் பழுது பார்க்க பெரம்பூரில் பணிமனை எழுந்தது. பார்சிகள் 1910-இல் இங்கே அக்னி கோயில் கட்டினார்கள். குப்பமாக இருந்த இடம், பல மொழி பேசும் பேட்டை ஆயிற்று.

ரயிலடிக்கு வெளியேயும் ஒரு தொழில் வளர்ந்தது. வண்டி வந்து நின்றதும் மூட்டை தூக்கும் கூலிகளும் ஜட்காக்காரர்களும் மொய்த்துக்கொள்வார்கள். ஊருக்குப் புதியவருக்கு மதராஸின் முதல் பேரம் அங்கேதான் நடக்கும். 1895 மே 7 அன்று மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. ஜட்காவின் கட்டணத்துக்கு அதன்பிறகு ஒரு கட்டுப்பாடு வந்தது.

கூட்டம் சென்ட்ரலுக்குப் போனது

ராயபுரத்தின் நெரிசலைக் குறைக்க 1873-இல் பார்க் டவுனில் இரண்டாவது நிலையம் கட்டப்பட்டது. ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்த அந்தக் கட்டடத்தை ராபர்ட் பெல்லோஸ் சிசம் விரிவுபடுத்தினார். மணிக்கூண்டோடு அது 1900-இல் நிறைவுற்றது. அதுவே மதராஸ் சென்ட்ரல். சில காலம் இரு நிலையங்களும் பயணிகளைப் பகிர்ந்துகொண்டன. 1907-இல் சென்ட்ரல் தலைமை நிலையமாயிற்று. தெற்கே போகும் மீட்டர் கேஜ் வண்டிகளுக்கு எழும்பூர் நிலையம் 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்டது. ராயபுரத்துக்கு என்று தனியே ஒரு திசை மிஞ்சவில்லை.

இந்த மாற்றத்துக்கு நகரம் வளர்ந்த திசை ஒரு காரணம். மவுண்ட் ரோடு, சிந்தாதிரிப்பேட்டை, எழும்பூர், மைலாப்பூர் என்று நகரம் மேற்கிலும் தெற்கிலும் பரவியபோது, வடகோடியிலிருந்த ரயிலடி எல்லோருக்கும் எட்டாக் கையாயிற்று. துறைமுகம் மற்றொரு காரணம். 1875-இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானத்தை 1881-ஆம் ஆண்டுப் புயல் உடைத்துப் போட்டது. 1904-இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் வாயிலை வடகிழக்குக்கு மாற்றி, துறைமுகத்தை உறுதியாக அமைத்தார். சரக்கு பெருகப் பெருக, ராயபுரத்துத் தண்டவாளங்கள் கூட்ஸ் வண்டிகளுக்கு வேண்டியிருந்தன. ரயிலடி அமையக் காரணமாக இருந்த கடலே, பயணியை அங்கிருந்து வெளியேற்றவும் காரணமாயிற்று.

மதராஸ் ரயில்வேயும் தெற்கு மராட்டா ரயில்வேயும் 1908-இல் இணைந்து எம்.எஸ்.எம். ரயில்வே உருவானது. அதன் தலைமை அலுவலகம் 1922 டிசம்பரில் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் கட்டிய மாளிகைக்குப் போனதும், ராயபுரத்தில் எஞ்சியிருந்த அதிகாரமும் போயிற்று.

கூட்டத்தின் தொல்லையும் பயணிகளோடு சென்ட்ரலுக்குப் போனது. 1917 செப்டம்பரில் காந்தியடிகள் பம்பாயிலிருந்து மதராஸுக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேர் என்று எழுதியிருந்த பெட்டியில் அதைவிட மிகுதியான ஆட்கள் ஏறினார்கள் என்றும், ராய்ச்சூருக்குப் பிறகு நெரிசல் தாங்க முடியாததாயிற்று என்றும், பெட்டி வழிநெடுகக் கூட்டப்படவே இல்லை என்றும் அவர் எழுதினார். கட்டணத்தில் பெரும்பங்கைக் கொடுப்பவருக்கே மிகக் குறைந்த வசதி என்பது அவருடைய வாதம். ராயபுரத்தில் 1856-இல் தொடங்கிய வகுப்புப் பிரிவின் கணக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நேராகவில்லை.

வடக்குப் பாதையின் அன்றாடப் பயணி

நெடுந்தூரப் பயணிகள் போன பிறகு ராயபுரத்தைத் தாங்கியவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். மதராஸிலிருந்து கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கூடூருக்கும் பெஜவாடாவுக்கும் (இன்றைய விஜயவாடா) போகும் பாதை 1899-இல் திறந்தது. கல்கத்தா வண்டிகளுக்காகப் போடப்பட்ட அந்தப் பாதையே வடசென்னையின் ஆலைகளுக்கு ஆள் சேர்த்தது. திருவொற்றியூர் அதுவரை தியாகராசர் கோயிலாலும் கடற்கரையிலுள்ள பட்டினத்தார் சமாதியாலும் அறியப்பட்ட தலம். அங்கே விம்கோ தீப்பெட்டி ஆலை வந்தது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் கார்களைப் பூட்டி, பிறகு அசோக் லேலண்ட் ஆயிற்று. 1950-களில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும், பின்னர் எம்.ஆர்.எப். டயர் ஆலையும் இந்த வட்டாரத்தில் இயங்கின. எண்ணூரில் 1970-இல் அனல்மின் நிலையம் வந்தது. ஷிப்டு மாறும் நேரங்களே இந்தப் பாதையின் கூட்ட நேரங்கள் ஆயின. தீப்பெட்டி ஆலையின் பெயரில் விம்கோ நகர் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது.

1979-இல் கும்மிடிப்பூண்டிப் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சென்னைக் கடற்கரையில் கிளம்பும் வண்டி ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று வடக்கே போகிறது. சீசன் டிக்கெட் வைத்திருக்கும் ஆலைத் தொழிலாளியும், காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து வருகிற அம்மாவும், பாரிமுனைக் கடைகளுக்கு வேலைக்குப் போகிற இளைஞரும் அதில் ஏறுகிறார்கள். சரக்கு வண்டிகளுக்கு வழிவிட்டு மின்சார ரயில் நடுவழியில் நிற்பது இந்தப் பாதைப் பயணியின் பழைய குறை. சென்னைத் துறைமுகமும் 2001-இல் வந்த எண்ணூர்த் துறைமுகமும் சரக்கை இந்த வழியே இழுப்பதால் அந்தக் குறை நீடிக்கிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை மெட்ரோ நீண்டது. கட்டணம் கட்டுப்படியானவர்களுக்கு அது மாற்று வழி; மற்றவர்களுக்கு மின்சார ரயிலே இன்னும் வழி.

கட்டடத்தின் பிற்காலம்

பயணிக் கூட்டம் குறைந்த பிறகு ட்ரேசியின் கட்டடம் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பக்கத்தில் கூட்ஸ் யார்டும், பின்னாளில் மின் இஞ்சின் ஷெட்டும் வளர்ந்தன. பழைமையைப் போற்றுவோர் வற்புறுத்தியதன் பயனாகத் தென்னக ரயில்வே அதைப் பழுது பார்த்து, 2005 அக்டோபர் 2 அன்று மீண்டும் திறந்தது. சென்ட்ரல், எழும்பூர் நிலையங்களின் நெரிசலைக் குறைக்க ராயபுரத்தை மறுபடியும் வெளியூர் வண்டிகளின் முனையமாக்க வேண்டும் என்பது வடசென்னை மக்களின் நெடுங்காலக் கோரிக்கை. தூரத்து ஊருக்குப் போக மூட்டை முடிச்சோடு நகரைக் கடந்து சென்ட்ரலுக்கோ எழும்பூருக்கோ தாம்பரத்துக்கோ போகிறவர்களின் கோரிக்கை அது.

ராயபுரத்துக்கு நேர்ந்தது ஜப்பானின் முதல் ரயிலடிக்கும் நேர்ந்திருக்கிறது. 1872-இல் தோக்கியோவின் சிம்பாஷி நிலையத்திலிருந்து யோகஹாமாத் துறைமுகத்துக்கு அந்நாட்டின் முதல் ரயில் ஓடியது. 1914-இல் தோக்கியோ நிலையம் திறந்ததும் சிம்பாஷியின் பயணிகள் அங்கே போனார்கள்; பழைய நிலையம் ஷியோதோமே என்ற பெயரில் சரக்கு நிலையமாயிற்று. 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அந்தக் கட்டடம் அழிந்தது. 2003-இல் பழைய அடித்தளத்தின் மேல் அதே தோற்றத்தில் புதிதாக ஒன்றைக் கட்டி, அரும்பொருள் காட்சிக்கூடம் ஆக்கினார்கள். அங்கே ரயில் வருவதில்லை. ராயபுரத்தில் 1856-இல் எழுப்பிய சுவர்களும் இருக்கின்றன. அவற்றின் பக்கத்து நடைமேடையில் எண்ணூர் போகும் மின்சார ரயில் இன்றும் வந்து நிற்கிறது.